கச்சான் அடிக்கிற ஊரில் ஒட்டு இமை

ஆவணிக் கல்யாணங்கள் நெருங்கினால் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவில் என்னைத் தேடி ஒரு கேள்வி வந்துவிடும். இந்த முறை மச்சாளின் மகள். "மாமி, எனக்கும் உங்கட கண்தானே. லாஷ் வைக்கலாமோ? வைக்காட்டி போட்டோவில கண்ணே தெரியாது எண்டு எல்லாரும் சொல்லினம்."

"உங்கட கண்" என்பது எங்கள் வீட்டில் ஒரு தனி வகை. தூசு, ஏசி, செத்தல் மிளகாய் வறுக்கிற மணம், பக்கத்து வீட்டுக்காரர் குப்பை எரிக்கிற புகை, எதுவென்றாலும் வீட்டில் முதலில் சிவப்பது என் கண்தான். கல்யாண வீட்டில் யாராவது ஒரு அன்ரி வந்து, "என்ன பிள்ளை, அழுதனியோ?" என்று கேட்காமல் போனதில்லை. பொம்பிளையின் தாயை விட நான்தான் அதிகம் அழுகிறேன் என்று ஒரு பெயரும் உண்டு.

இப்படி ஓயாமல் கண்ணீர் வடிகிற கண்ணைத்தான் டொக்டர்மார் "வறண்ட கண்" என்கிறார்கள். முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கண் கிளினிக்கில் ஒரு டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். கண்ணின் மேல் இருப்பது வெறும் தண்ணீர் இல்லை. ஒட்டிப்பிடிக்க ஒரு சளிப் படை, அதன்மேல் தண்ணீர், அதற்கும் மேலே அந்தத் தண்ணீர் ஆவியாகாமல் காக்க மெல்லிய எண்ணெய்ப் படை. எண்ணெயைச் சுரப்பது இமை விளிம்பில், மயிர்கள் முளைக்கிற இடத்துக்குச் சற்று உள்ளே வரிசையாக இருக்கிற சுரப்பிகள். மேல் இமையில் மட்டும் சுமார் 30 இருக்கும். அவை சரியாகச் சுரக்காவிட்டால் கண் காயும். காய்ந்த கண் எரியும். எரிந்தவுடன் மூளை அவசரமாக ஒரு வாளி தண்ணீரை அனுப்பும். அதுதான் நாங்கள் கல்யாண வீட்டில் வடிப்பது. அதில் எண்ணெய் இல்லாதபடியால் எவ்வளவு வடிந்தாலும் பலன் இல்லை.

ஒட்டு இமையைக் கொண்டுபோய் ஒட்டுகிற இடத்தைப் பாருங்கள். அந்தச் சுரப்பிகளின் வாசலுக்குப் பக்கத்திலேயே ஒரு கோடு கம். கண் கூசுகிற ஆட்கள் இதைக் கொஞ்சம் யோசித்துத்தான் செய்ய வேண்டும். செய்யவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கண்கட்டி வந்திருக்கிறபோது, கண்நோய் இருக்கிறபோது, இமை விளிம்பில் பொடுகு மாதிரிச் செதில் படிந்திருக்கிறபோது வேண்டாம். அதில் பேச்சுக்கே இடமில்லை. மற்றபடி ஒரு நாள் கல்யாணத்துக்கு வடிவாக இருக்க ஆசைப்படுகிற பிள்ளைக்கு, "உனக்கு ஏன் இதெல்லாம்?" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எனக்கும் ஆசை இருந்தது, இப்பவும் இருக்கிறது.

ஆனால் யூடியூப்பில் லாஷ் பற்றிப் பேசுகிற பிள்ளைகள் யாரும் திருகோணமலையில் இருந்து பேசுவதில்லை. அவர்களுடைய அறையில் கச்சான் அடிப்பதில்லை.

வெளியூர்க்காரருக்காக: கச்சான் என்று நான் சொல்வது கடலையை அல்ல, காற்றை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையிலும் மலைநாட்டிலும் மழை முழுவதையும் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்கும். மே தொடங்கி செப்டெம்பர் வரை. சூடாக, காய்ந்ததாக, வயல்வெளிப் புழுதியையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும். மச்சாளின் மகள் மூதூரில் படிப்பிக்கிறாள். ஸ்கூட்டியில் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டித்தான் தினமும் போய்வருகிறாள். தண்ணீருக்கு மேலே மறைப்பில்லாமல் கிடக்கிற அந்தப் பாலத்தில் கச்சான் காலத்தில் ஹெல்மெட் கண்ணாடியை இறக்காமல் ஓட்டிப்பாருங்கள், நான் சொல்வது விளங்கும்.

ஊருக்கு வெள்ளைக்காரர் நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் குளிக்க வருகிறதும் இதே மாதங்களில்தான். காற்று கரையில் இருந்து கடலுக்கு வீசுவதால் கிழக்குக் கடல் அப்போது குளம்போல் கிடக்கும். கடலுக்கு நல்ல காலம். கண்ணுக்குக் கெட்ட காலம். கல்யாணத்துக்கும் இதே காலம்தான்.

காற்றுக்கும் இமைமயிருக்கும் உள்ள கணக்கை ஒருவர் உட்கார்ந்து அளந்திருக்கிறார். அமெரிக்காவின் ஜோர்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் டேவிட் ஹூ என்பவரின் குழு. 2015 இல் வெளிவந்த ஆய்வு அது. 22 வகைப் பாலூட்டி மிருகங்களின் கண்ணையும் இமைமயிரையும் அளந்தார்கள். சின்ன மிருகம், பெரிய மிருகம் என்ற பேதமில்லாமல் மயிரின் நீளம் கண்ணின் அகலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகவே இருந்தது. ஏன் என்று பார்க்க ஒரு செயற்கைக் கண்ணைச் செய்து, அதைச் சுற்றி மயிர் வைத்து, காற்றுக் குழாய்க்குள் வைத்துச் சோதித்தார்கள். மயிர் அந்த அளவில் இருக்கும்போது கண்ணுக்கு முன்னால் காற்று அசையாத ஒரு சின்ன இடம் உண்டாகிறது. ஈரம் ஆவியாவதும் தூசு படிவதும் பாதிக்குப் பாதி குறைகிறது. மயிர் அதைவிட நீண்டால் கதை தலைகீழ். நீண்ட மயிர்கள் காற்றைப் பிடித்து நேரே கண்ணுக்குள் அனுப்புகின்றன. விலக்க வேண்டிய காற்றை வா வா என்று கூப்பிடுகின்றன.

மனிதக் கண்ணின் அகலம் சுமார் 30 மில்லிமீற்றர். அப்படியென்றால் இமைமயிர் 10 மில்லிமீற்றர் அளவில் இருக்கவேண்டும். எங்களுக்கு இயற்கையாக இருப்பதும் அவ்வளவுதான். கடையில் "டிராமா", "விங்" என்று விதம்விதமாகப் பெயர் போட்டுத் தொங்குகிற பெட்டிகளில் அளவைப் பாருங்கள், 16, 18 என்று போகும். அதை வைத்துக்கொண்டு கச்சானுக்கு முன்னால் போய் நின்றால் கண் எரியாமல் என்ன செய்யும்?

கோட்டை வாசலடியில் மேய்கிற மான்களைப் பக்கத்தில் போய்ப் பார்த்திருப்பீர்கள். திருமலை மான்கள் மனிதருக்குப் பயப்படாது, கையில் இருக்கிற பையைத்தான் பார்க்கும். அவ்வளவு பெரிய கண்ணுக்கு மேலே இருக்கிற மயிர் அளவாகத்தான் இருக்கிறது. அதற்கு மேல் யாரும் ஒட்டிவிடாமலே அது வடிவாகத்தான் இருக்கிறது.

ஆகவே முதல் விஷயம் நீளம். 10, மிஞ்சினால் 11. நீளம் கூடினால் வெட்டலாம். மயிர் நுனியை ஒரே நேராக வெட்டக்கூடாது, தும்புத்தடி மாதிரி ஆகிவிடும். சின்னக் கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்து, ஒவ்வொரு மயிராக, ஒன்றுக்கொன்று கொஞ்சம் கூடக்குறைய வெட்ட வேண்டும். பஞ்சி பிடித்த ஆட்களுக்குச் சரிவராத வேலை.

இரண்டாவது, உண்மையான வில்லன், கம்.

வீட்டில் ஒட்டிக் கழற்றுகிற பட்டி இமைக்கு வருகிற கம்மில் பல வகை றப்பர் பால்தான். 1876 இல் பிரேசிலில் இருந்து லண்டன் வழியாக வந்த நாற்றுகளைக் கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டு இந்த நாட்டில் றப்பரைத் தொடக்கிய கதை பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். களுத்துறையிலும் கேகாலையிலும் சிரட்டையில் வடிகிற அதே பாலின் உறவுதான் எங்கள் இமையில் வந்து ஒட்டுகிறது. றப்பர் பாலில் இருக்கிற புரதம் சிலருடைய உடம்புக்கு ஆகாது. கையுறை போட்டால் கை தடிக்கிறது, பலூன் ஊதினால் உதடு கடிக்கிறது என்றால் உங்களுக்கு அந்தக் கம் சரிவராது. வாழைப்பழம், பப்பாசி, அவகாடோ சாப்பிட்டால் வாய் அரிக்கிற ஆட்களும் கவனமாக இருக்க வேண்டும். அந்தப் பழங்களில் இருக்கிற சில புரதங்கள் றப்பர்ப் பாலில் உள்ளவற்றைப் போலவே இருப்பதால் உடம்பு இரண்டையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்ளும். எங்கள் ஊரில் வாழைப்பழம் சாப்பிட்டால் அரிக்கிறது என்று சொன்னால், "சளிக்குணம், அதுதான்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

றப்பர் பால் இல்லாத கம் இருக்கிறது. குழாயிலோ பெட்டியிலோ "லேடெக்ஸ் ஃப்ரீ" என்று போட்டிருக்கும். அது கொஞ்சம் விலை கூட, பிடிமானம் கொஞ்சம் குறைவு. எனக்கு அந்தக் குறைந்த பிடிமானமே பிடித்திருக்கிறது, கழற்றும்போது இழுபறி இல்லை. கறுப்புக் கம்மை விட வெள்ளைக் கம் எனக்கு மேல். சேர்மானம் குறைந்தால் ஆகாமல் போகிற சாமானும் குறையும்.

எந்தக் கம் என்றாலும் சோதித்துப் பார்க்காமல் இமையில் வைக்கவேண்டாம். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்துவிட்டு இரண்டு நாள் பொறுக்க வேண்டும். இரண்டு நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒவ்வாமையில் ஒன்று உடனே தடிப்பது, மற்றது ஆறப்போட்டு, ஒருநாள் இரண்டுநாள் கழித்து எழும்புவது. கல்யாணத்தன்று விடியற்காலை நாலு மணிக்குக் கையில் ஒரு பொட்டு வைத்து, ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "ஒண்டும் செய்யேல்லத்தானே" என்று சொல்வது சோதனை இல்லை, சடங்கு.

ஒரு முறை சொந்தத்துக் கல்யாணத்துக்கு எல்லாருக்கும் ஒரே இடத்தில் மேக்கப். எனக்குக் கண் சரியில்லை, என்ன கம் என்று பார்க்கவேண்டும் என்று கேட்டேன். "அக்கா, நாங்கள் எத்தனை பொம்பிளையளுக்கு வைக்கிறம், ஒருத்தரும் ஒண்டும் சொன்னதில்லை" என்றார் அந்தப் பிள்ளை. குழாயைக் காட்டவே இல்லை. அடுத்த நாள் காலை இரண்டு இமையும் பணியாரம் போல. மணமக்கள் கால்மாறி வந்த வீட்டில் நான் கறுப்புக் கண்ணாடியோடு குந்தியிருந்தேன். ஒருத்தரும் ஒன்றும் சொன்னதில்லை என்பதற்குக் காரணம், வீங்குவது அடுத்த நாள் என்பதால் சொல்ல யாரும் திரும்பிப் போவதில்லை. நானும் போகவில்லை.

இதில் புதுமை எதுவும் இல்லை. 1911 இல் கனடாவைச் சேர்ந்த அன்னா டெய்லர் என்ற பெண் ஒட்டு இமைக்கு அமெரிக்காவில் காப்புரிமை எடுத்தார். 1916 இல் வந்த 'இன்டொலரன்ஸ்' என்ற மௌனப்படத்தில் பபிலோன் இளவரசியாக நடித்த சீனா ஓவனுக்குக் கன்னத்தைத் தொடுகிற அளவு இமை வேண்டும் என்று இயக்குநர் டி. டபிள்யூ. கிரிபித் ஆசைப்பட்டார். விக் செய்கிறவர் மனித மயிரை மெல்லிய வலையில் கோர்த்து, நாடகக்காரர் தாடி ஒட்டுகிற ஸ்பிரிட் கம்மால் ஒட்டிவிட்டார். ஒரு காலையில் அந்த நடிகை கண் திறக்க முடியாமல் வீங்கிப்போய் வந்து நின்றதை அதே படத்தில் நடித்த லிலியன் கிஷ் பின்னாளில் எழுதியிருக்கிறார். நல்ல வேளையாக முக்கியமான காட்சிகளை எடுத்து முடித்திருந்தார்களாம். நல்ல வேளை யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

பாலர்களில் இப்போது நடப்பது எக்ஸ்டென்ஷன். ஒவ்வொரு சொந்த மயிரின் மேலும் ஒவ்வொரு பொய் மயிரை ஒட்டி, கிழமைக்கணக்கில் அப்படியே விடுவது. அதற்குப் போடுகிற கம் வேறு சாதி. சயனோஅக்ரிலேட், அதாவது உடைந்த கோப்பை ஒட்ட வீட்டில் வைத்திருக்கிற சூப்பர் குளூவின் குடும்பம். காய்வதற்கு அதற்குக் காற்றில் உள்ள ஈரம் வேண்டும். காயும்போது ஆவி கிளம்பும். கண்ணை மூடியிருந்தாலும் எங்களைப் போன்றவர்களுக்கு அது போதும். 2012 இல் வெளியான ஒரு ஜப்பானிய ஆய்வில், எக்ஸ்டென்ஷன் போட்டுக் கண் வருத்தத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்த 107 பெண்களைப் பார்த்தார்கள். 64 பேருக்கு விழியின் மேற்பரப்பில் அழற்சி, 42 பேருக்கு இமையில் ஒவ்வாமை. சோதித்த கம் வகைகள் எல்லாவற்றிலும் ஃபோர்மல்டிஹைட் இருந்தது. கண் கூசுகிறவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவேண்டாம் என்பது என் கருத்து. பட்டி இமை கடித்தால் அந்த நிமிடமே கழற்றி எறியலாம். இது கடித்தால் பாலர் திறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

காந்த இமையைப் பற்றியும் கேட்கிறார்கள். கம் இல்லை, உண்மை. ஆனால் காந்தம் பிடிக்க இரும்பு ஒக்சைட் கலந்த மையை அதே விளிம்பில் தடிப்பாகப் பூச வேண்டும். எனக்கு அது பாரமாக இருந்தது. வேறு ஆட்களுக்குச் சரிவரலாம்.

சரி, நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன். முழுப் பட்டி வைப்பதே இல்லை. ஒரு பட்டியை இரண்டாக வெட்டி, வால் பக்கத்துப் பாதியை மட்டும் வெளிக் கோடியில் வைப்பேன். மூக்குப் பக்கத்து மூலையைச் சும்மா விட்டுவிடுவேன். கண்ணீர் வடிந்து போகிற துளை அங்கேதான் இருக்கிறது, பட்டியின் நுனி குத்துவதும் அங்கேதான். பாதி வைத்தாலும் போட்டோவில் கண் நன்றாகவே தெரிகிறது.

வைக்குமுன் பெட்டியில் இருந்து எடுத்த பட்டியை விரலில் சுற்றி ஒரு நிமிடம் பிடித்தால் வளைவு படியும். பிறகு கம்மைப் பட்டியின் முதுகில் நூல் போல ஒரு இழை மட்டும் விட்டு, அரை நிமிடம் காத்திருக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போதே வைத்தால் கம் கண்ணுக்குள் இறங்கும், இமை வழுக்கும். கம்மின் பளபளப்பு மங்கும், அப்போது வைக்கலாம். கண்ணாடியை மேசையில் மல்லாத்தி வைத்து, குனிந்து பார்க்க வேண்டும். அப்போது இமை தானாகப் பாதி மூடும், விளிம்பு தெளிவாகத் தெரியும். பட்டியைத் தோலில் வைக்காமல், சொந்த மயிரின் மேலே, வேரில் இருந்து ஒரு துளி தள்ளி வைக்கிறேன். பிடிமானம் குறையும். தாலி கட்டி, சாப்பாடு முடியும்வரை நிற்கும். எனக்கு அது போதும். கொன்டக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் லென்ஸை முதலில் போட்டுவிட வேண்டும். கம் பட்ட கையோடு லென்ஸைத் தொடாதீர்கள்.

மற்றது ஓமப்புகை. எங்கள் கல்யாணங்களில் இதைப் பற்றி ஒருவரும் கதைப்பதில்லை. மணவறைக்குள் பொம்பிளைக்கு முன்னால் நெய்யும் சமித்தும் எரியும். மண்டபத்தில் ஏசி போட்டுக் கதவையெல்லாம் அடைத்திருப்பார்கள். புகை போக இடமில்லாமல் பந்தலுக்குள்ளேயே சுற்றும். கண்ணீர் வந்தால் பொம்பிளை உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று வீடியோக்காரர் கிட்டக் கொண்டுவந்து எடுப்பார். தோழிப்பெண்ணின் கைப்பையில் பேப்பர் டிஷ்யூவும், கலப்பில்லாத ஒற்றைத்தரப் பாவனைக் கண் துளிமருந்தும் இருக்கட்டும். டிஷ்யூவால் துடைக்கக்கூடாது, கீழ் இமையில் ஒற்றி எடுக்க வேண்டும். ஐயரிடம் முன்கூட்டியே சொன்னால் விறகைக் குறைத்து, காய்ந்ததாகப் பார்த்துப் போடுவார். எங்கள் ஐயர்மாருக்கும் கண் இருக்கிறதுதானே.

கழற்றுவதில்தான் அதிகம் பேர் தங்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கல்யாணம் முடிந்து களைத்து வந்து, படுக்கையில் இருந்தபடி சடாரென்று இழுப்பது. சொந்த மயிர் நாலைந்து கூடவே வரும். ஒரு காதுக்குச்சியில் தேங்காயெண்ணெய் தொட்டு, பட்டியின் முதுகில் மட்டும் தடவி, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள். கம் இளகும். வெளி மூலையில் இருந்து உள்நோக்கி மெதுவாக உரித்தால் வந்துவிடும். எண்ணெயைக் கொட்டினால் கண்ணுக்குள் போய் எல்லாம் புகாராகத் தெரியும், ஆகவே கஞ்சத்தனமாகவே தொடுங்கள். பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூடிய கண்மேல் ஐந்து நிமிடம் வைத்தால், நான் முதலில் சொன்ன எண்ணெய்ச் சுரப்பிகளில் அடைத்திருப்பது இளகும். கழற்றிய பட்டியை மற்ற ஆளுக்குக் கொடுக்கவேண்டாம், சொந்தத் தங்கச்சியாக இருந்தாலும்.

இதையெல்லாம் குழுவில் எழுதினேன். மச்சாளின் மகள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனாள். "மாமி, போட்டோ உப்புவெளி பீச்சில, பின்னேரம் நாலு மணிக்கு. அதுக்கு என்ன செய்யிறது?"

உப்புவெளிக் கடற்கரை கிழக்கே பார்த்தது. போட்டோக்காரருக்குப் பின்னணியில் கடல் வேண்டும். அப்படியென்றால் பொம்பிளை கடலுக்கு முதுகைக் காட்டி, மேற்கே பார்த்து நிற்க வேண்டும். கச்சான் வருவதும் மேற்கில் இருந்து, நாலு மணிச் சூரியன் நிற்பதும் மேற்கில். மணலும் வெயிலும் காற்றும் ஒன்றாக முகத்தில் அடிக்க, "கண்ணை நல்லாத் திறவுங்கோ" என்று போட்டோக்காரர் கத்துவார். எந்த இமையை வைத்தாலும் எந்தக் கண்ணும் இதற்குத் தாக்குப்பிடிக்காது.

ஆனால் எங்கள் நகரம் ஒரு ஒடுங்கிய நிலத்துண்டு. கிழக்கே திறந்த கடல், மேற்கே உள்துறைமுகம். உள்துறைமுக வீதியில் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்றால் முகம் கிழக்கே திரும்பும். காற்று பின்னால் இருந்து வரும். சூரியனும் பின்னால்தான், அக்கரை மலைகளுக்கு மேலே. முகத்துக்கு வெளிச்சம் கொடுக்க ஒரு வெள்ளைத் தட்டிப் பிடிக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான். சில நாளில் பின்னேரம் கடல்காற்று எழும்பிக் காற்று திசைமாறும், அன்றைக்கு அங்கே போய் நின்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். தலைமயிர் முன்னுக்கு வந்து முகத்தில் அடிக்கும் என்பதும் உண்மை. கொண்டை போட்டால் சரி.

போட்டோக்காரருக்குச் சொல்லியிருக்கிறாள். உள்துறைமுகத்தில் மீன் வள்ளங்கள் பின்னணியில் வருமாம், வடிவில்லையாம். மறுப்பை எனக்கு அப்படியே அனுப்பியிருக்கிறாள். நான் அவருடைய நம்பரைக் கேட்டிருக்கிறேன்.